ஒரே உடலுக்குள் பல எச்.ஐ.வி. திரிபுகள்: தொடக்க வாரங்களின் போட்டியைப் பற்றி விலங்குச் சோதனைகள் சொல்வது

கேள்வி இதுதான்: ஒருவருடைய உடலுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட எச்.ஐ.வி. திரிபுகள் ஒரே சமயத்தில் நுழைந்தால், முதல் சில வாரங்களில் அவை தமக்குள் எப்படிப் போட்டியிடுகின்றன, எது மேலோங்குகிறது, விலங்குகளில் நடத்திய சோதனைகள் இதைப் பற்றி என்ன காட்டியிருக்கின்றன? கேட்டவர் கூடவே இன்னொன்றையும் கேட்டிருந்தார்: அப்படி மேலோங்குகிற திரிபையே வீரியம் மிக்கது என்று கொள்ளலாமா? இந்த இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொள்ளக் கூடாது. எந்தத் திரிபு வெல்கிறது என்பது எந்த நாளில் அளந்தோம், உடலின் எந்தத் திசுவில் அளந்தோம், யாருடைய உடலில் அளந்தோம் என்ற மூன்றையும் பொறுத்து மாறுகிறது. சில சமயம் வெறும் தற்செயலைப் பொறுத்தும் மாறுகிறது. இதைத் தெளிவாகக் காட்டியவை விலங்குச் சோதனைகளே என்பதால், அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு விளக்குகிறேன்.

மனிதர்களிடமிருந்து நமக்குக் கிடைக்கும் சான்று பெரும்பாலும் போட்டி முடிந்த பிறகு கிடைக்கும் சான்று. 2008இல் பிராண்டன் கீல், ஜார்ஜ் ஷா முதலியோர் வெளியிட்ட ஆய்வில், எச்.ஐ.வி.யின் கிளைகளில் ஒன்றான துணைவகை பி-யின் தொற்று அண்மையில் ஏற்பட்டிருந்த 102 பேரின் இரத்தத்திலிருந்து வைரஸ் மரபணுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார்கள். அவர்களில் 78 பேரிடம் இருந்த வைரஸ்கள் அனைத்தும் ஒரேயொரு வைரஸின் வழிவந்தவை. மற்றவர்களிடம் இரண்டு முதல் ஐந்து வைரஸ்கள் வரை மூலமாக இருந்தன. தொற்றைக் கொடுத்தவரின் உடலிலோ ஆயிரக்கணக்கான வேறுபட்ட வைரஸ்கள் இருந்திருக்கும். அத்தனையில் ஒன்று மட்டும் நிலைகொண்டது அதன் திறமையாலா, அதிர்ஷ்டத்தாலா? நோயாளி மருத்துவமனைக்கு வரும்போது அந்த ஓட்டம் முடிந்துவிட்டிருக்கிறது. ஓடத் தொடங்கியவர்களின் பட்டியல் நம்மிடம் இல்லை. அந்தப் பட்டியலை நாமே எழுதி, எந்த நேரத்தில் எந்த அளவில் எவை உள்ளே சென்றன என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டுமானால் விலங்குகள் தேவைப்படுகின்றன.

இங்கே ஒரு தடை உண்டு. எச்.ஐ.வி.-1 ரீசஸ் குரங்கின் உடலில் வளர்வதில்லை. வைரஸ் செல்லுக்குள் நுழைந்தவுடனேயே அதன் உள்ளுறையை டிரிம்5ஆல்ஃபா என்ற புரதம் பற்றிச் சிதைத்துவிடுகிறது என்பது 2004இல் தெரியவந்தது. வேறு சில காவல் புரதங்களும் அதற்கு எதிராக நிற்கின்றன. ஆகவே ஆய்வாளர்கள் மூன்று வழிகளைக் கையாள்கிறார்கள். முதலாவது, குரங்குகளைத் தாக்கும் உறவுக்கார வைரஸான எஸ்.ஐ.வி.யை நேரடியாகப் பயன்படுத்துவது. இரண்டாவது, எஸ்.ஐ.வி.யின் உடலில் எச்.ஐ.வி.யின் ஒரு பகுதியை, பெரும்பாலும் அதன் உறைப் புரதத்தை, ஒட்டிவைத்துக் கலப்பு வைரஸ் செய்வது. உறைப் புரதம் ஒட்டியதை ஷிவ் என்று அழைக்கிறார்கள். மூன்றாவது, சொந்த நோய் எதிர்ப்பு மண்டலம் இல்லாத எலிகளுக்குள் மனித இரத்த மூலச்செல்களைச் செலுத்தி, மனித டி செல்கள் (எச்.ஐ.வி. தாக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள்) உள்ள எலிகளை உருவாக்குவது, இவற்றில் எச்.ஐ.வி.யையே நேரடியாகச் செலுத்தலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை உண்டு. எலியில் மனிதச் செல்கள் இருந்தாலும் முழுமையான நிணநீர் மண்டல அமைப்பு இருக்காது. குரங்கில் முழு உடலும் இருக்கும், ஆனால் வைரஸ் முழு எச்.ஐ.வி.யாக இருக்காது.

போட்டியைப் பேசுவதற்கு முன் தற்செயலைப் பேசியாக வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் நான் அதிகம் காணும் பிழை அங்கேதான் நேர்கிறது. குரங்கின் சளிச்சவ்வின் மீது குறைந்த அளவில் வைரஸை வைத்தால், பல முறை வைத்த பிறகே தொற்று ஏற்படுகிறது. அப்படி ஏற்படும்போது ஒன்று அல்லது சில வைரஸ்களே உள்ளே நிலைகொள்கின்றன. கீலின் குழுவினர் 2009இல் இதை மலக்குடல் வழியாக எஸ்.ஐ.வி. கொடுத்த ரீசஸ் குரங்குகளில் காட்டினார்கள். மனிதர்களில் கண்ட அதே குறுகிய வாசல் குரங்குகளிலும் இருக்கிறது என்பது இதனால் உறுதியாயிற்று. இப்போது, சம அளவில் கலந்த இரண்டு திரிபுகளை இந்த வாசல் வழியாக அனுப்பி, நான்கு குரங்குகளில் மூன்றில் முதல் திரிபு மட்டும் தெரிந்தால், அதைக் கொண்டு முதல் திரிபு வலியது என்று சொல்ல முடியாது. நாணயத்தை நான்கு முறை சுண்டினாலும் மூன்று தலைகள் விழக்கூடும்.

தற்செயலின் அளவை அறிய, திறனில் எந்த வேறுபாடும் இல்லாத, ஆனால் அடையாளம் மட்டும் வேறான வைரஸ்கள் வேண்டும். 2017இல் வெளியான எஸ்.ஐ.வி.மேக்239எம் என்ற வைரஸ் கலவை அதற்காகவே செய்யப்பட்டது. எஸ்.ஐ.வி.மேக்239 என்ற நன்கறியப்பட்ட வைரஸின் மரபணுத் தொகுதியில், வி.பி.எக்ஸ்., வி.பி.ஆர். என்ற இரு மரபணுக்களுக்கு இடையே 34 எழுத்துகள் கொண்ட ஒரு பார்கோடைச் செருகினார்கள். கடையில் ஒரே சோப்பின் ஆயிரம் கட்டிகளுக்கும் தனித்தனி எண் அச்சிடுவது போல, ஏறத்தாழ 10,000 வேறுபட்ட பார்கோடுகள் கொண்ட, மற்ற எல்லா வகையிலும் ஒன்றேயான வைரஸ்கள் கிடைத்தன. இவற்றைச் செலுத்தினால் எத்தனை பார்கோடுகள் நிலைகொண்டன, எது எவ்வளவு பெருகியது, சிகிச்சையை நிறுத்திய பின் எவை திரும்பின என்று எண்ணிப் பார்க்கலாம். திறனில் சமமான இவற்றிலும் சில வெகுவாகப் பெருகும், சில அடையாளமே தெரியாமல் போகும். அந்த ஏற்றத்தாழ்வுதான் தற்செயலின் அளவுகோல். ஒரு திரிபு உண்மையிலேயே வென்றது என்று சொல்ல வேண்டுமானால் அதன் முன்னிலை அந்த அளவுகோலைத் தாண்டியிருக்க வேண்டும். இந்த முறையில் எனக்கு இன்னொரு காரணத்தாலும் மதிப்பு உண்டு. ஒரு குரங்கின் உயிரைச் சோதனைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றால், அதிலிருந்து ஒரேயொரு விடை பெறுவதைவிட ஆயிரக்கணக்கான அளவீடுகளைப் பெறுவது அந்த உயிருக்குச் செய்யும் குறைந்தபட்ச நியாயம்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால் தொடக்க நாட்களின் தன்மை விளங்கும். மனிதர்களில் தொற்றின் தொடக்கத்தில் எச்.ஐ.வி. இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளும் நேரம் சுமார் 0.65 நாள், அதாவது 16 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, என்று 2010இல் கணித்திருக்கிறார்கள். ஒரு திரிபு மற்றொன்றைவிட இரண்டு நாள் முன்னதாகப் பெருகத் தொடங்கினால், அந்த இரண்டு நாளில் அது மூன்று முறை இரட்டித்து எட்டு மடங்கு முன்னிலை பெற்றுவிடும். மாறாக, இரண்டும் ஒன்றாகத் தொடங்கி, ஒரு திரிபுக்குத் தலைமுறைக்கு (ஒரு செல்லில் நுழைந்து பெருகி அடுத்த செல்லைத் தொற்றும் ஒரு சுற்றுக்கு) பத்து விழுக்காடு கூடுதல் பெருக்கம் மட்டும் இருந்தால், பத்துத் தலைமுறைகளுக்குப் பின், அதாவது ஏறத்தாழ மூன்று வாரத்துக்குப் பின், அதன் முன்னிலை 2.6 மடங்குதான். பாதிக்குப் பாதியாக இருந்தது 72க்கு 28 ஆகும், அவ்வளவே. ஆக, பத்து விழுக்காடு திறன் குறைந்த திரிபும் இரண்டு நாள் முந்திக்கொண்டால் அந்தக் காலம் முழுவதும் முன்னணியில் நிற்கும். அதற்குள் உச்சக்கட்டம் கடந்து, இலக்காக இருந்த செல்களே தீர்ந்துபோகத் தொடங்கிவிடும்.

செல்கள் தீர்ந்துபோகும் என்று நான் சொல்வது மிகைப்படுத்தல் அன்று. 2005இல் மட்டப்பள்ளில் முதலியோர் எஸ்.ஐ.வி. தொற்றிய ரீசஸ் குரங்குகளில் பார்த்தபோது, பத்தாம் நாள் வாக்கில் உடல் முழுவதிலும் உள்ள நினைவுவகை சிடி4 செல்களில், அதாவது இந்த வைரஸ்கள் முதன்மையாகக் குறிவைக்கும் டி செல்களில், 30 முதல் 60 விழுக்காடு வரை வைரஸ் நுழைந்திருந்தது. அடுத்த நான்கு நாட்களில் அவற்றில் பெரும்பாலானவை மடிந்தன. இந்தச் செல்கள் மிகுதியாகக் குடியிருக்கும் இடம் குடல். அதனால் தொடக்க வாரங்களில் குடலில் யார் நன்றாகப் பெருகுகிறார்களோ அவர்களே உடல் முழுவதிலும் முன்னணிக்கு வருகிறார்கள். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், அடுத்து வரும் சோதனை ஏன் முக்கியமானது என்பது புரியும்.

பாரிஸைச் சேர்ந்த ஆய்வாளர்கள், மிரெய் சாந்திலிவ்ர் முதன்மை ஆசிரியராகவும் சைமன் வெய்ன்-ஹாப்சன் அவர்களில் ஒருவராகவும் இருந்த குழு, 2005இலும் 2006இலும் வெளியிட்ட பணி இது. எச்.ஐ.வி.யின் துணைவகைகள் பலவற்றிலும் வேறுபடுகின்றன: உறை வேறு, நொதிகள் வேறு, எல்லாமே சற்றுச் சற்று வேறு. அப்படியே இரண்டு துணைவகைகளை மோதவிட்டால், வென்றது எதனால் வென்றது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே அவர்கள் எஸ்.ஐ.வி.மேக்239 என்ற ஒரே வைரஸை எடுத்துக்கொண்டு, அதன் ப்ரொமோட்டரின் மையப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எச்.ஐ.வி. துணைவகை பி, சி, இ ஆகியவற்றின் அதே பகுதியைப் பொருத்தினார்கள். ப்ரொமோட்டர் என்பது வைரஸின் மரபணுக்களை எப்போது, எவ்வளவு வேகத்தில் இயக்குவது என்று தீர்மானிக்கும் பகுதி. வண்டியின் சாவி துவாரம் போன்றது. செல்லுக்குள் இருக்கும் பல புரதங்கள் வந்து அதில் ஒட்டும்போதுதான் வைரஸ் விழித்தெழுகிறது. எந்தெந்தப் புரதம் ஒட்ட இடமிருக்கிறது என்பதில்தான் துணைவகைகள் மாறுபடுகின்றன. என்.எஃப்.-கப்பா பி என்ற புரதம் ஒட்டும் இடங்கள் துணைவகை பி-யில் வழக்கமாக இரண்டு, சி-யில் மூன்று, தாய்லாந்தில் பரவிய, அன்று இ என்று அழைக்கப்பட்ட வகையில் ஒன்று. இதோடு ஏ.பி.-1 என்ற இன்னொரு புரதம் ஒட்டக்கூடிய ஓர் இடம் சி-யிலும் இ-யிலும் இருக்கிறது, பி-யின் அந்தப் பகுதியில் இல்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள்.

மூன்று கலப்பு வைரஸ்களும் தயாரானவுடன் முதலில் ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். அப்போதே ஒரு எச்சரிக்கை கிடைத்தது: எந்தச் செல்லில், எந்தத் திசுத்துண்டில் வளர்க்கிறோம் என்பதைப் பொறுத்து வெற்றி பெறுவது மாறிக்கொண்டே இருந்தது. தைமஸ் சுரப்பியின் திசுவில் இன்டர்லூகின்-7 என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சேர்த்தபோது சி ப்ரொமோட்டர் கொண்ட வைரஸுக்குச் சாதகமாயிற்று. பிறகு மூன்றையும் ஒரே சமயத்தில் ரீசஸ் குரங்குகளுக்குச் செலுத்தினார்கள். தொடக்கத் தொற்றின்போது சி தெளிவாக மேலோங்கியது. ஆனால் அந்தக் கட்டம் கடந்த பிறகு நிலைமை தலைகீழாகி, எல்லாத் திசுக்களிலும் பி ப்ரொமோட்டர் கொண்ட வைரஸே ஆதிக்கம் பெற்றது. அடுத்த ஆண்டு வெளியான தொடர்ச்சியில், தொடக்கத் தொற்றில் சி-யின் முன்னிலை குறிப்பாகக் குடலைச் சார்ந்தது என்று காட்டினார்கள்.

இந்த முடிவை நான் திரும்பத் திரும்ப மாணவர்களுக்கு எடுத்துச் சொல்வதுண்டு, ஏனென்றால் இதில் மூன்று வைரஸ்களும் ஒரே உறையையும் ஒரே நொதிகளையும் கொண்டவை. நுழையும் செல்லும் ஒன்றே, நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குத் தெரியும் முகமும் ஒன்றே. சாவி துவாரம் மட்டுமே வேறு. அந்தச் சிறு வேறுபாடே முதல் வாரங்களில் ஒருவரையும் பிந்தைய மாதங்களில் இன்னொருவரையும் அரியணை ஏற்றியது. குடலில் டி செல்கள் எந்நேரமும் ஓரளவு தூண்டப்பட்ட நிலையிலேயே இருக்கின்றன. குடலின் மேற்புறச் செல்களே இன்டர்லூகின்-7ஐச் சுரக்கின்றன. அந்தச் சூழலுக்குப் பொருந்தும் ப்ரொமோட்டர் அங்கே முந்துகிறது. குடலின் செல்கள் அழிந்து, களம் மற்ற நிணநீர்த் திசுக்களுக்கு மாறும்போது அந்தப் பொருத்தம் பயன்படுவதில்லை. அதே சமயம், இது துணைவகை சி-யின் முழு வைரஸைப் பற்றிய சோதனை அன்று, அதன் ஒரு துண்டைப் பற்றிய சோதனை என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதை மறந்து ‘சி வகை மற்ற வகைகளை வென்றது’ என்று எழுதுவோரை அடிக்கடிப் பார்க்கிறேன்.

துணைவகை சி நமக்குத் தொலைவான செய்தியும் அன்று. உலகில் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இருப்பது சி; இந்தியாவில் மிகப் பெரும்பான்மை அதுவே. 1986இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் எடுத்த இரத்த மாதிரிகளில்தான் இந்தியாவின் முதல் தொற்றுகள் கண்டறியப்பட்டன. ஆனால் ஆய்வகத்தில் இரத்தச் செல்களில் பி-யையும் சி-யையும் ஒன்றாக வளர்த்த போட்டிகளில் சி பெரும்பாலும் தோற்றது. 2003இல் எரிக் ஆர்ட்ஸின் குழுவினர் காட்டிய இந்த முடிவு பலரைக் குழப்பியது. உலகில் அதிகம் பரவியிருப்பது ஆய்வகக் குடுவையில் ஏன் தோற்கிறது? குடுவையில் குடல் இல்லை, தொடக்க வாரமும் இல்லை என்பது அதற்கான விடையின் ஒரு பகுதி என்று நான் கருதுகிறேன். பெங்களூரில் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் உதயகுமார் ரங்காவின் குழுவினர், என்.எஃப்.-கப்பா பி ஒட்டும் இடங்கள் மூன்றுக்குப் பதில் நான்கு கொண்ட சி திரிபுகள் இந்தியாவில் தோன்றிப் பெருகிவருவதை 2012இல் விவரித்தார்கள். ஒரு ப்ரொமோட்டரின் சிறு மாற்றம் மக்களிடையே பரவலாகத் தெரியும் அளவுக்கு முக்கியமாகலாம் என்பதற்கு இது நம் பக்கத்துச் சான்று.

அடுத்தது, வைரஸ் நுழையும் கதவு. எச்.ஐ.வி. செல்லுக்குள் புக சிடி4 ஏற்பியோடு இன்னொரு துணை ஏற்பியும் வேண்டும், அது சி.சி.ஆர்.5 அல்லது சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்று 1996இல் தெரிந்தது. நோயாளிகளில் தொடக்கத்தில் காணப்படுபவை ஏறத்தாழ எல்லாமே முதல் வகைக் கதவைப் பயன்படுத்துபவை. இரண்டாம் வகை சிலரிடம் பல ஆண்டுகளுக்குப் பின் தலைகாட்டுகிறது. இரண்டாம் வகை நுழையவே முடியாததாலா, நுழைந்தும் தோற்பதாலா? 1999இல் ஹரூஸ் முதலியோர் இரண்டு ஷிவ்களைத் தனித்தனியே குரங்குகளுக்குக் கொடுத்தபோது, சி.சி.ஆர்.5ஐப் பயன்படுத்துவது குடலின் சிடி4 செல்களை அழித்தது. மற்றது இரத்தத்தில் உள்ள சிடி4 செல்களைக் குறைத்தது. அதாவது இரண்டும் ஒரே மேய்ச்சல் நிலத்துக்காகச் சண்டையிடவில்லை. 2003இல் அதே குழு இரண்டையும் ஒரே குரங்கில் சேர்த்துக் கொடுத்தது. சி.எக்ஸ்.சி.ஆர்.4 வைரஸ் உள்ளே புகுந்து பெருகவே செய்தது, பிறகுதான் அடங்கியது. அடக்கியது, வைரஸ் தொற்றிய செல்களைக் கொல்லும் சிடி8 டி செல்கள்: அந்தச் செல்களை ஆன்டிபாடி கொடுத்து நீக்கியபோது அடங்கியிருந்த வைரஸ் மீண்டும் எழுந்தது. தோற்றதாக நாம் எழுதிவைத்த திரிபு அழியவில்லை, அடக்கப்பட்டிருந்தது. இரத்தத்தில் தெரியவில்லை என்பதை உடலில் இல்லை என்று படிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியாது.

யாருடைய உடல் என்பதும் முடிவை மாற்றுகிறது. ஜப்பானில் கெய் சாட்டோவின் குழுவினர் 2017இல் வெளியிட்ட சோதனையில், மனிதச் செல்கள் உள்ள எலிகளுக்கு இரண்டு எச்.ஐ.வி.களைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அவற்றுக்கு இடையே வேறுபட்டது விஃப் என்ற ஒரு புரதம் மட்டுமே: ஒன்றின் விஃப் மனிதரின் அப்போபெக்3எச் என்ற காவல் புரதத்தை வலுவாகத் தடுக்கும், மற்றதன் விஃப் தடுக்காது. அந்தக் காவல் புரதத்தின் நிலையான வடிவத்தைப் பெற்றிருந்த கொடையாளரின் செல்களைக் கொண்ட எலிகளில் வலுவான விஃப் வென்றது. அந்தப் புரதமே எளிதில் சிதைந்துபோகும் வடிவத்தைப் பெற்றவரின் செல்கள் உள்ள எலிகளில் அந்தச் சாதகம் இல்லை. ஒரே இரு வைரஸ்கள், ஒரே கலவை, ஆனால் செல்லைத் தந்தவர் வேறு, முடிவும் வேறு. குரங்குகளிலும் இப்படித்தான்: டிரிம்5 மரபணுவின் எந்த வடிவம் அந்தக் குரங்குக்கு வாய்த்திருக்கிறது என்பதைப் பொறுத்து சில எஸ்.ஐ.வி. திரிபுகள் திணறுகின்றன, எஸ்.ஐ.வி.மேக்239 போன்ற மற்றவை அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே குரங்குகளின் மரபணு வடிவங்களைப் பார்க்காமல் நடத்திய பழைய ஒப்பீடுகளைப் படிக்கும்போது சற்று நிதானம் வேண்டும். வைரஸுக்கு எதிராக உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதமும் இந்த வரிசையில் சேரும். 2014இல் சாண்ட்லர் முதலியோர், முன்கூட்டியே இன்டர்ஃபெரான் கொடுத்த குரங்குகளில் தொற்று ஏற்படவே கூடுதல் முயற்சிகள் தேவைப்பட்டதையும், நிலைகொண்ட வைரஸ்களின் எண்ணிக்கை குறைந்ததையும் கண்டார்கள்.

போட்டியை ஒரு கருவியாகவே பயன்படுத்தியவர்களும் உண்டு. ஷிவ் செய்வதில் நெடுங்காலமாக இருந்த சிக்கல், மனிதரிடம் அண்மையில் தொற்றிய எச்.ஐ.வி.யின் உறைப் புரதம் குரங்கின் சிடி4ஐச் சரியாகப் பற்றிக்கொள்ளாதது. உறைப் புரதத்தின் 375ஆம் இடத்தில், சிடி4 வந்து பொருந்தும் குழிக்குள், எச்.ஐ.வி.-1இல் பெரும்பாலும் செரின் போன்ற சிறிய அமினோ அமிலம் இருக்கிறது, எஸ்.ஐ.வி.களில் அங்கே பருத்த அமினோ அமிலங்கள் இருக்கின்றன. 2016இல் ஷாவின் குழுவினர் அந்த ஓர் இடத்தில் ஆறு விதமான அமினோ அமிலங்கள் கொண்ட ஆறு வைரஸ்களைச் சம அளவில் கலந்து குரங்குக்குக் கொடுத்து, எது மேலெழுகிறது என்று குரங்கின் உடலிடமே கேட்டார்கள். எல்லா உறைகளுக்கும் ஒரே விடை வரவில்லை. பி.ஜி.505 என்ற உறைக்கு டைரோசினும் சி.எச்.505 என்ற உறைக்கு ஹிஸ்டிடினும் பொருந்தின. ஆய்வாளர் மேசையில் அமர்ந்து ஊகிக்க முடியாததைப் போட்டி சில வாரங்களில் சொல்லிவிட்டது. தடுப்பூசி, ஆன்டிபாடி ஆய்வுகளில் இன்று பயன்படும் பல ஷிவ்கள் இந்த வழியில் வந்தவை.

வெளியிலிருந்து வந்த திரிபுகளோடு, உடலுக்குள்ளேயே பிறக்கும் திரிபுகளும் போட்டியில் சேர்ந்துகொள்கின்றன. 1991இல் கெஸ்ட்லரும் டெஸ்ரோஸியரும், நெஃப் என்ற மரபணுவில், அதன் புரதம் பாதியிலேயே நின்றுவிடும்படி ஒரு நிறுத்தற்குறி விழுந்த எஸ்.ஐ.வி.யைக் குரங்குகளுக்குக் கொடுத்தபோது, அந்தக் குறியை நீக்கிக்கொண்ட வைரஸ்கள் விரைவிலேயே தோன்றி மற்றவற்றை மூழ்கடித்தன. 2000இல் ஆலன் முதலியோர், மாமு-ஏ*01 என்ற மரபணு கொண்ட குரங்குகளில், வைரஸின் டாட் என்ற புரதத்தின் ஒரு சிறு பகுதியை டி செல்கள் குறிவைப்பதையும், தொற்றிய இரண்டு மாதங்களுக்குள் அந்தப் பகுதியை மாற்றிக்கொண்ட வைரஸ்கள் பழையவற்றின் இடத்தைப் பிடிப்பதையும் காட்டினார்கள். தொடக்கத்தில் யார் நுழைந்தார் என்ற கேள்வி, இரண்டாம் மாதத்தில் யார் தப்பினார் என்ற கேள்வியாகிவிடுகிறது.

முதல் திரிபு நிலைகொண்ட பிறகு இரண்டாவது வந்தால் என்ன ஆகும் என்றும் கேட்கலாம். பிக்டெயில் குரங்குகளுக்கு இரண்டு வேறுபட்ட எச்.ஐ.வி.-2 (எச்.ஐ.வி.-1 அல்லாத இன்னொரு எச்.ஐ.வி. வகை) வைரஸ்களை வெவ்வேறு இடைவெளியில் கொடுத்த ஆட்டனின் குழுவினர், முதல் சில வாரங்களுக்குள் வந்த இரண்டாவது வைரஸ் நிலைகொண்டதையும், மாதங்கள் கழித்து வந்தது தடுக்கப்பட்டதையும் 1999இல் தெரிவித்தார்கள். கதவு சிறிது காலம் திறந்திருந்து பிறகு சாத்தப்படுகிறது. மனிதர்களில் ஆண்டுகள் கழித்தும் இரண்டாம் தொற்று நேர்ந்திருக்கிறது என்பதால், இது முழுமையான பாதுகாப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, இரண்டில் எது வெல்லும் என்ற கேள்வியையே கலைத்துப்போடும் ஒரு சோதனை. 1997இல் ஊலி, டெஸ்ரோஸியர் முதலியோர் ஒரு ரீசஸ் குரங்கின் ஒரு காலில் நெஃப் மரபணு நீக்கிய எஸ்.ஐ.வி.யையும், மறு காலில் வி.பி.எக்ஸ்., வி.பி.ஆர். மரபணுக்கள் நீக்கிய எஸ்.ஐ.வி.யையும் ஒரே நாளில் செலுத்தினார்கள். இரண்டுமே ஊனமுற்றவை, ஒவ்வொன்றிலும் இல்லாதது மற்றதில் இருந்தது. இரண்டு வாரத்தில் அந்தக் குரங்கின் இரத்தத்தில் எந்தக் குறையும் இல்லாத முழு வைரஸ் இருந்தது. இரண்டு கால்களிலிருந்து புறப்பட்ட வைரஸ்கள் எங்கோ ஒரே செல்லில் சந்தித்து, அவற்றின் மரபணுக்கள் ஒரே உறைக்குள் அடைபட, அடுத்த செல்லில் மரபணுவை நகலெடுக்கும் நொதி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியிருக்கிறது. செலுத்திய இரண்டில் எதுவும் வெல்லவில்லை. செலுத்தாத மூன்றாவது வென்றது. அதனால்தான் இன்று இத்தகைய போட்டிகளை நடத்துவோர், அடையாளத் துண்டை மட்டும் எண்ணிவிட்டு நிற்காமல், ஒரே வைரஸ் மரபணுவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை படித்துப் பார்க்கிறார்கள். பார்கோடு ஒருவருடையதாகவும் உறை இன்னொருவருடையதாகவும் இருக்கக்கூடும்.